பின்சுவரை ஒட்டி நிற்கும் நாய்

2009ஆம் ஆண்டு டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் கிளம்பிய ஒரு விமானத்தில் மனிதர்களோடு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட சிவாவா நாய்களும் பயணம் செய்தன. வர்ஜின் அமெரிக்கா விமான நிறுவனமும், 1866இல் தொடங்கப்பட்ட ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. கலிஃபோர்னியாவின் காப்பகங்களில் அந்தக் குட்டி இன நாய்கள் இடம் கொள்ளாமல் தேங்கிப் போயிருந்தன. நியூயார்க்கிலோ, அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர்கள் அதே நாய்க்காகக் காத்திருந்தார்கள்.

இந்தத் தேக்கத்துக்கு அப்போது பலரும் திரைப்படங்களைக் குற்றம் சொன்னார்கள். 2001இல் ‘லீகலி பிளாண்ட்’ கதாநாயகியின் கையில் ஒரு சிவாவா. 2008இல் ‘பெவர்லி ஹில்ஸ் சிவாவா’ என்று தலைப்பிலேயே அது. பார்த்தவர்கள் ஆசைப்பட்டு வாங்கினார்கள், ஆசை தீர்ந்ததும் கொண்டுபோய் விட்டார்கள். 2003இல் வந்த ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

மூன்று கிலோகூட எட்டாத நாயை விமானத்தில் ஏற்றுவது எளிது. அதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. பயத்தில் உறைந்துபோன ஒரு சிறு நாயை, அதைத் தத்தெடுக்க வருகிறவர் ‘இது வேண்டும்’ என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவருவது. அமெரிக்கக் காப்பகங்கள் இதற்காகப் பெரிதும் நம்புவது ‘ஃபாஸ்டர்’ வீடுகளை. நிரந்தர உரிமையாளர் கிடைக்கும்வரை நாயைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலரின் வீடுதான் அது. சில நாளோ, சில மாதமோ. இந்த ஏற்பாடு நாயின் உடலுக்குள் உண்மையில் என்ன செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் அளக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

முதலில் காப்பகக் கூண்டு. எவ்வளவு நல்ல மனதோடு நடத்தப்பட்டாலும் அது சத்தமான இடம். நாய்கள் ஒருசேரக் குரைக்கும்போது 100 டெசிபலைத் தாண்டுவதை அளந்திருக்கிறார்கள். தொழிற்சாலை என்றால் காதடைப்பான் கட்டாயமாகும் அளவு அது. தரை வழுக்கும் சிமென்ட். கிருமிநாசினி வாடை. நேரங்கெட்ட நேரத்தில் திறக்கும் கதவு. தைரியசாலி நாய் கம்பியருகே வந்து வாலாட்டும். பயந்த சிறு நாய் பின்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வாலை வயிற்றுக்கடியில் செருகி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தபடி நிற்கும்.

அங்கேயே அது பாதித் தோல்வி அடைந்துவிடுகிறது. அலெக்ஸாண்ட்ரா ப்ரோடோபோபோவா, கிளைவ் வின் இருவரும் ஃபுளோரிடாவில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தத்தெடுக்க வருகிறவர்கள் ஒரு நாயோடு தனியாகச் செலவிடுவது சராசரியாக 8 நிமிடம்தான் என்று காட்டியது. அந்த 8 நிமிடத்தில் நாய் செய்தவற்றில் இரண்டு மட்டுமே முடிவோடு தொடர்புடையவையாக இருந்தன: வந்தவர் விளையாடக் கூப்பிட்டால் கண்டுகொள்ளாமல் இருப்பது பாதகம், அவர் அருகில் வந்து படுப்பது சாதகம். பயந்த நாய் இந்த இரண்டிலுமே தோற்கும்.

சிறு நாய்கள் ஏன் இவ்வளவு பயப்படுகின்றன? நாயின் உருவ அளவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கும் ஐஜிஎஃப்1 என்ற மரபணுவை 2007இல் அடையாளம் கண்டார்கள். 2016இல் வெளியான வேறொரு மரபணு ஆய்வு, அதே மரபணு அமைந்திருக்கும் பகுதி பயம் சார்ந்த குணங்களோடும் சேர்ந்தே வருவதைச் சுட்டியது. ஆக, பிறப்பில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் வளர்ப்பின் பங்கையும் ஒதுக்க முடியாது. வியன்னாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறு நாய் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் நடந்துகொள்வது அதிகம். பயிற்சியும் விளையாட்டும் குறைவு. சிறு நாய்களில் அடிக்கடி தண்டிக்கப்பட்டவைதான் கூடுதல் பயமும் பதற்றமும் காட்டின.

யோசித்தால் இதில் வியப்பில்லை. பெரிய நாய் உறுமினால் மனிதர் விலகுவார். குட்டி நாய் உறுமினால் சிரிப்பார். அப்படியே தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அது சொன்னதற்கு மதிப்பே இல்லாமல் போகிறது. ஒரு நாளைக்குப் பலமுறை, தன்னைவிட இருபது மடங்கு எடையுள்ள ஒருவர் மேலிருந்து குனிந்து அள்ளித் தூக்கினால் யாருக்குத்தான் நிம்மதி இருக்கும்?

பயத்தை அளக்க உடலே ஒரு வழி வைத்திருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் அருகில் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, அது கார்ட்டிசாலை ரத்தத்தில் விடும். ஓடவும் சண்டையிடவும் சர்க்கரை தேவை. கார்ட்டிசால் அதைத் திரட்டித் தரும். சில நிமிட ஆபத்துக்கு அருமையான ஏற்பாடு. நாள்கணக்கில் நீடித்தால் தூக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் அரிக்கும். 1997இல் மைக்கேல் ஹென்னெசியின் குழு அமெரிக்காவின் ஒரு மாவட்டக் காப்பகத்தில் ரத்த மாதிரிகள் எடுத்துப் பார்த்தபோது, வந்து சேர்ந்த முதல் மூன்று நாள்களில் இருந்த நாய்களின் கார்ட்டிசால், வீட்டு நாய்களைவிட வெகுவாக உயர்ந்திருந்தது.

ஊசி குத்துவதே நாய்க்கு ஒரு பயம் என்பதால் பின்னால் வந்தவர்கள் சிறுநீருக்கு மாறினார்கள். காலை நடையின்போது நாய் காலைத் தூக்கும் அல்லது குந்தும் நொடியில் நீண்ட கம்பின் முனையில் கட்டிய கிண்ணத்தைச் சத்தமில்லாமல் அடியில் நீட்ட வேண்டும். பெரிய அறிவியலுக்குள் இப்படிச் சில கூச்சமான வேலைகளும் உண்டு. இரவு முழுக்க உடலில் என்ன நடந்தது என்பதன் திரட்டு அந்தச் சிறுநீரில் இருக்கும். நாய் நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் மாதிரி நீர்த்துப்போகும் அல்லவா? அதனால் உடல் ஏறக்குறைய ஒரே சீராக வெளியேற்றும் கிரியாட்டினின் என்ற பொருளையும் கூடவே அளந்து, கார்ட்டிசாலை அதனால் வகுத்துக்கொள்வார்கள்.

இந்த முறையைக் கையிலெடுத்து லிசா கன்டரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. ஐந்து காப்பகங்கள், 207 நாய்கள். யூட்டா மாநிலத்தில் இருக்கும் பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் காப்பகத்தில் தொடங்கி மற்ற நான்கு இடங்களுக்கு விரிந்தது. ஒவ்வொரு நாயும் ஒன்றிரண்டு இரவு ஒரு வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பவேண்டும். முன்பும் இடையிலும் பின்பும் சிறுநீர் சேகரிக்கப்படும். கழுத்துப் பட்டையில் அசைவை அளக்கும் கருவி.

வீட்டில் இருந்த நாள்களில் கார்ட்டிசால் இறங்கியது. இடைமுறிவில்லாத ஓய்வு அங்கேதான் மிக நீளமாக இருந்தது. இதை எதிர்பார்த்திருக்கலாம். சந்தேகப்பட்ட பலருக்குப் பதில் சொன்னது அடுத்த அளவு. ‘வீட்டுச் சுகத்தைக் காட்டிவிட்டு மறுபடி கூண்டில் தள்ளுவது கொடுமை இல்லையா?’ என்று கேட்டு ஃபாஸ்டருக்கு மறுப்புச் சொன்னவர்கள் ஏராளம். திரும்பி வந்த நாய்களின் கார்ட்டிசால் பழைய அளவுக்கு ஏறியது, அதைத் தாண்டவில்லை. அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு வார இறுதி எப்படியோ, காப்பக நாய்க்கு அந்த இரண்டு இரவு அப்படி என்று சொல்லலாம். திங்கட்கிழமை வலிக்கும், அதற்காக ஞாயிற்றுக்கிழமையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? அன்பு என்று சட்டெனச் சொல்லிவிடலாம். காப்பகத்துப் பணியாளர்களுக்கும் அன்பு உண்டு. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, நாய்களின் மேல் நடத்தப்பட்ட ஒரு கசப்பான சோதனையைத்தான் பார்க்கவேண்டும்.

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதை நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு குழுவுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் நிறுத்தும் வழி இல்லை. பிறகு, தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விட்டபோது முதல் குழு தாண்டியது. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை படுத்துக்கிடந்தன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று இது உளவியல் பாடப்புத்தகங்களில் நிலைத்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அந்தச் சோதனையை அனுமதிக்காது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2016இல், அந்த இருவருமே தங்கள் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பி எழுதினார்கள். எலி மூளையில் மேயர் செய்த பல ஆண்டு ஆய்வுகளின் முடிவு இது: நீடித்த துன்பத்தில் சுருண்டு கிடப்பது கற்றுக்கொள்ளும் ஒன்றல்ல, மூளையின் இயல்பான எதிர்வினையே அதுதான். கற்றுக்கொள்ளப்படுவது அதன் மறுபக்கம், ‘நான் ஏதாவது செய்தால் மாறும்’ என்பது. மூளையின் முன்பகுதி அந்தக் கட்டுப்பாட்டை உணர்ந்தபிறகே உறையும் எதிர்வினையைத் தணிக்கிறது. ஆகவே, கூண்டில் சத்தமே போடாமல் சுருண்டிருக்கும் நாயை ‘சாதுவான நாய்’ என்று எழுதிவைப்பது பல நேரம் தவறான பதிவு. அது அமைதியாக இல்லை, முயற்சியை விட்டுவிட்டது.

நல்ல ஃபாஸ்டர் வீடு தருவது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். எப்போது என்ன நடக்கும் என்று தெரிவது, நடப்பதில் தன் விருப்பத்துக்கும் இடம் இருப்பது. செல்லம் கொஞ்சுவது அதற்கு அடுத்த படி, சில நாய்களுக்கு வெகு பின்னால் வரும் படி.

அனுபவமுள்ள பராமரிப்பாளரின் வீட்டில் முதல் நாள் பார்ப்பதற்குச் சுவாரசியமே இல்லாமல் இருக்கும். ஒரு சின்ன அறை, அல்லது அறையின் ஒரு மூலை. கதவு திறந்த கூண்டுப்பெட்டி, மேலே ஒரு துணி, உள்ளே காப்பகத்திலிருந்து கூடவே வந்த பழைய போர்வை, துவைக்காமல், வாசனையோடு. வந்து பார்க்க விருந்தாளி யாரும் கிடையாது. வெளியே போனால் ஹார்னஸில் ஒரு லீஷ், கழுத்துப் பட்டையில் இன்னொரு லீஷ். பயந்த சிறு நாய் பின்னோக்கி இழுத்து ஒன்றிலிருந்து நழுவிவிடும் என்பது தெரிந்த ஆபத்து. சாப்பிட்டதா, எவ்வளவு என்று குறித்து வைப்பார்கள். மிகச் சிறு இனக் குட்டிகள் சில வேளை பட்டினி கிடந்தாலே ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

மாலையில் அவர் தரையில் உட்காருவார், நாய்க்குப் பக்கவாட்டாக, அதன் கண்ணைப் பார்க்காமல். கையில் வேகவைத்த கோழியின் நகக்கண் அளவுத் துண்டுகள். நீட்டமாட்டார். ஒரு துண்டை நாய்க்கு அருகில் போடுவார்; அடுத்ததை நாய்க்குப் பின்னால், தன்னிடமிருந்து தள்ளிப் போடுவார். இது புதியவர்களுக்குப் புரியாது. பயந்த நாயைக் கையில் உணவு காட்டி அருகே இழுத்தால், பசி முன்னே தள்ளும், பயம் பின்னே இழுக்கும். துண்டை விழுங்கிய மறுநொடி, தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து அலறி ஓடும். சில நாய்கள் கடிக்கவும் செய்யும். பின்னால் விழுந்த துண்டை எடுக்கப் போகும்போதோ, விலகிப் போனாலும் சாப்பாடு கிடைக்கிறது. பிறகு அதுவாகத் திரும்பி வரும், வராமலும் இருக்கும். காதுகள் பின்னால் மடங்கியிருக்கின்றனவா, பசிக்காமலே உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுகிறதா, முன்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கிறதா என்பதையெல்லாம் ஓரக்கண்ணால் கவனித்தபடி அவர் அடுத்த துண்டைப் போடுவார்.

இந்த உத்திக்கு நூறு வயது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைத்து, பயம் எழாத அளவுக்கு மெல்ல மெல்ல அருகில் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். பயத்தைத் தூண்டும் பொருளோடு இனிய அனுபவத்தை இணைப்பது இன்றும் நாய்ப் பயிற்சியின் முதுகெலும்பு. அதற்கு நேர்மாறான ‘அப்படியே தூக்கிப் போட்டால் பழகிவிடும்’ என்ற வைத்தியத்தால் நாய் மறுபடி உறைந்துதான் போகும். அதைக் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பயந்த நாயைத் தடவி ஆறுதல் சொன்னால் பயம் இன்னும் வளரும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. பயம் ஓர் உணர்ச்சி. உட்கார், எழுந்திரு போலப் பரிசு கொடுத்து வளர்க்கும் செயல் அல்ல. 2020இல் ஸ்டெஃபனி ரீமர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் பட்டாசு பயத்துக்கு எது பலித்தது என்று கேட்டார். வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் நாய்க்குப் பிடித்த தின்பண்டமோ விளையாட்டோ தந்தவர்களில் 70 சதவீதத்தினர் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். தீபாவளி வாரத்தில் கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாய் இருக்கும் வீடுகளுக்கு இது நேரடியாக உதவும் தகவல்.

எல்லா நாயும் கோழித் துண்டுக்கு இளகிவிடாது. இனப்பெருக்கத்துக்காகவே ஆண்டுக்கணக்கில் கூண்டில் அடைபட்டிருந்த நாய்கள் ஒரு தனி வகை. குட்டி இன நாய்கள் பல அப்படிப்பட்ட கூண்டுகளிலிருந்துதான் வருகின்றன. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையிலான குட்டிப் பருவத்தில் மனிதரையே காணாத நாய்க்கு, பின்னால் மனிதரோடு பழகுவது பெரும்பாடு என்பதை அமெரிக்காவின் பார் ஹார்பரில் நடந்த சோதனை 1961லேயே காட்டிவிட்டது. இப்படிப்பட்ட கடும் பயம் கொண்ட நாய்களுக்கென்றே ஏ.எஸ்.பி.சி.ஏ. வட கரோலினாவில் ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. 2022இல் வெளியான அவர்களுடைய அறிக்கையில், 441 நாய்களில் 86 சதவீதம் தேறி வெளியே போனதாகப் பதிவாகியிருக்கிறது. அதற்குச் சராசரியாக மூன்று மாதங்கள் பிடித்தன. மருந்தும் தேவைப்படலாம். மனிதர்களின் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின், பிரிவுப் பதற்றம் கொண்ட நாய்களுக்காக அமெரிக்காவில் 2007இல் அங்கீகாரம் பெற்றது. கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுக்கவேண்டியது. வீட்டு மருந்துப் பெட்டியில் தேட வேண்டியதல்ல.

தடவும் கைக்கும் உணவுக்கும் இடையிலான போட்டியில் இந்தியாவிலிருந்து ஒரு சுவையான முடிவு உண்டு. கொல்கத்தா ஐஐஎஸ்இஆர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2017இல், மேற்கு வங்கத் தெருநாய்களில் சிலவற்றுக்கு ஓர் அந்நியர் தொடர்ந்து உணவு தரவும், வேறு சிலவற்றை அவர் தொடர்ந்து தடவிக்கொடுக்கவும் செய்து பார்த்தது. நாள்கள் போகப்போகத் தடவிக்கொடுத்தவரிடம்தான் நாய்களுக்கு நம்பிக்கை கூடியது. முதல் நாள் தொடவே தொடாதே என்ற ஃபாஸ்டர் விதிக்கு இது முரணாகத் தோன்றலாம். அந்தத் தெருநாய்களைக் கட்டிப்போடவில்லை, கூண்டிலும் அடைக்கவில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம் என்ற நிலையில் அவை நின்று வாங்கிக்கொண்ட தடவல் அது. மூலையில் ஒடுங்கிய நாயை நோக்கி நீளும் கைக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

தத்துக்கு இதனால் என்ன லாபம்? 51 காப்பகங்களைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நாய்களை வைத்துக் கன்டரின் குழு 2023இல் ஒரு கணக்குச் சொன்னது. சில மணி நேரம் வெளியே கூட்டிப்போகப்பட்ட நாய்களுக்குத் தத்து வாய்ப்பு 5 மடங்கு. சில இரவுகள் வீட்டில் தங்கியவற்றுக்கு 14 மடங்கு. 14 என்பதை அப்படியே விழுங்கக் கூடாது. எந்த நாயை வீட்டுக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் பணியாளர், தன்னை அறியாமலே நல்ல நாயாகப் பார்த்து அனுப்பியிருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய எண்தான். பராமரிப்பாளரின் அண்டை வீட்டார், அலுவலக நண்பர்கள், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த நாயைப் பார்க்கிறார்கள். கூண்டின் பின்சுவரை ஒட்டி நிற்கும் நாயாக அல்ல, சோபா ஓரத்தில் கால் நீட்டித் தூங்கும் நாயாக. கூடவே தகவலும் சேர்கிறது. இரவில் அழுமா, பூனையைத் துரத்துமா, மூன்று மணி நேரம் தனியே இருக்குமா, குக்கர் விசிலுக்கு என்ன செய்யும்? காப்பகத்தின் அட்டையில் இவற்றுக்குப் பதில் இருக்காது.

பராமரிப்பாளரே நாயை விடமாட்டேன் என்று வைத்துக்கொள்வதும் உண்டு. அவர்களுக்குள் அதை ‘ஃபாஸ்டர் ஃபெயில்’ என்று கேலி பண்ணிக்கொள்வார்கள். நாய்க்கு நல்லதுதான், காப்பகத்துக்கோ, அடுத்த நாயை அனுப்ப ஒரு வீடு குறைந்துபோகும்.

ஒப்படைக்கும் நாளில் போர்வையும் அதே உணவும் நாயோடு போகும். புது வீட்டில் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் நிம்மதி என்று ஒரு வாய்பாடு புழக்கத்தில் இருக்கிறது. நாய் அவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒஹையோவில் 99 தத்து நாய்களை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், தனிமைப் பதற்றமும் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே இருப்பதும் நாளடைவில் குறைந்தன. அந்நியரிடம் காட்டும் சீற்றமும், துரத்தும் வழக்கமும், சொல்பேச்சுக் கேளாமையும் கூடின. முதல் வாரங்களில் அடங்கிக் கிடந்த நாய், இடம் தன்னுடையது என்றான பிறகு குரலை உயர்த்தத் தொடங்கியிருக்கலாம். அப்படியிருந்தும், ஆறாவது மாத முடிவில் நாயின் நடத்தை நன்று அல்லது மிக நன்று என்று மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல்.